எழுத்தும் அமானிதமும்

ஒரு பொருளைப் பிறரிடம் ஒப்படைத்துச் செல்கிறவன், திரும்பி வந்து கேட்கும்போது அப்பொருள் இருக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்ப்பதில்லை. கொடுத்தபடியே இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறான். பத்துப் பவுன் நகையை வாங்கி வைத்துக்கொண்டவன், அதே எடையில் மாற்றுக் குறைந்த நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'எடை சரியாகத்தானே இருக்கிறது' என்று வாதாட முடியாது. அமானிதம் என்னும் சொல்லுக்குள் பொருளின் இருப்பும் அடங்கும், அதன் மாறாமையும் அடங்கும். களவு போன பொருள் தன் இல்லாமையாலேயே களவை அறிவித்துவிடுகிறது. மாற்றப்பட்ட பொருளோ இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, உடையவன் கண்ணையும் காப்பவன் கண்ணையும் ஒருங்கே ஏமாற்றுகிறது. அதனால்தான் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது களவைக் கண்டுபிடிப்பதினும் கடினமாக இருக்கிறது.

இச்செய்தி பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டும் உரியதன்று. எழுத்துக்கு இது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். நம் குடும்பங்கள் இன்று கடிதம் எழுதுவதும், கட்டணம் செலுத்துவதும், பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்ப்பதும், தர்மப் பணம் அனுப்புவதும் பெரும்பாலும் இணையதளங்களின் வாயிலாகவே நடக்கின்றன. இணையதளம் என்பது, எங்கோ ஒரு சர்வர் கணினியில் எழுதி வைக்கப்பட்டுள்ள கோப்புகளின் தொகுதியேயாகும். நாம் பார்க்கும் பக்கம் அக்கோப்புகள் சொன்னபடி நம் திரையில் தோன்றுகிறது. கோப்பில் ஓர் எண்ணை மாற்றிவிட்டால் திரையிலும் அவ்வெண் மாறிவிடும். அடித்தல் திருத்தல் ஏதும் தெரியாது. காகிதத்தில் தெரிவதைப் போன்ற சுரண்டிய தடமும் இராது.

எண்ணிப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக ஒரு நிலையம் நிதி திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தளத்தில் வங்கிக் கணக்கு எண் வெளியிடப்பட்டுள்ளது. அத்தளத்துக்குள் புகுந்த ஒருவன் வேறெதையும் தொடாமல் அந்தக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி வைத்துவிடுகிறான். நன்கொடையாளர் நல்ல எண்ணத்தோடு பணம் அனுப்புகிறார். நிலையத்தார் இந்த மாதம் வரவு குறைந்துவிட்டதே என்று வருந்துகிறார்கள். பிள்ளைகள் கட்டணம் கட்ட வழியின்றி நிற்கிறார்கள். இவர்களுள் எவருக்கும் எழுத்து மாறியது தெரியாது. இந்நிலையில் குற்றவாளி புகுந்தவன் மட்டும்தானா? தளத்தைத் தம் பெயரில் நடத்திக்கொண்டு, அது தாம் எழுதியபடிதான் இருக்கிறதா என்று ஒரு நாளும் பாராதவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

இங்கே ஓர் அறக் கேள்வி எழுகிறது. ஒப்படைக்கப்பட்ட எழுத்தை இடைவிடாது சரிபார்த்துக்கொண்டிருப்பது கடமையா, அல்லது அது மனிதர்மீது கொள்ளும் ஐயுறவா? கடமை என்றால், அக்கடமையை ஓர் இயந்திரத்திடம் விட்டுவிட்டு நாம் விலகிக்கொள்ளலாமா?

ஒப்புநோக்கும் மரபு

எழுத்தின் மாறாமையைக் காப்பது கணினியோடு பிறந்த கவலையன்று. அரபு மொழியில் பா, தா, ஸா ஆகிய மூன்றெழுத்துக்களும் ஒரே வடிவுடையவை. புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமுமே அவற்றை வேறுபடுத்துகின்றன. ஒரு புள்ளி இடம் மாறினால் சொல் மாறும். சொல் மாறினால் பொருள் மாறும். சில வேளைகளில் ஆளின் பெயரே மாறிவிடும். இப்படி நேரும் பிழைக்குத் 'தஸ்ஹீஃப்' என்று பெயரிட்டு, அதனைத் தனியொரு துறையாகவே ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள்.

படியெடுத்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக அவர்கள் கருதவில்லை. படியை மூலத்தோடு வைத்து வரி வரியாக ஒப்புநோக்க வேண்டும். இதற்கு 'முகாபலா' என்று பெயர். ஒப்புநோக்காத படியைச் சான்றாகக் கொள்ள அவர்கள் தயங்கினார்கள். ஹிஜ்ரி 463இல், அதாவது கி.பி. 1071இல் மறைந்த அல்-கதீபுல் பக்தாதி, ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு சிறு வட்டம் இட்டு அதனை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும் என்றும், மூலத்தோடு ஒப்பிட்டு முடித்த பின்னரே அவ்வட்டத்தின் உள்ளே புள்ளி வைக்க வேண்டும் என்றும் விரும்பினார். ஹிஜ்ரி 643இல், அதாவது கி.பி. 1245இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் தம் நூலில் இம்முறைகளை ஒழுங்குபடுத்தி எழுதினார். எழுதப்பட்டது வேறு, சரிபார்க்கப்பட்டது வேறு என்பதை அந்தப் புள்ளி பார்த்த மாத்திரத்தில் காட்டிவிடும்.

இம்மரபில் இன்னொரு நுட்பமும் உண்டு. மூலத்தில் ஒரு சொல் பிழையாகத் தோன்றினால், படியெடுப்பவர் தாமாகவே அதைத் திருத்திவிடக் கூடாது என்பது அறிஞர் பலரின் நெறி. உள்ளதை உள்ளபடி எழுதி, அதன்மேல் ஓர் அடையாளமிட்டு, தமக்குத் தோன்றும் சரியான வடிவை ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும். 'நான் செய்த மாற்றம் நல்ல மாற்றம்தானே' என்பது போதுமான நியாயம் அன்று. மாற்றுவதற்கு உரிமை வேண்டும். மாற்றியது பிறருக்குத் தெரியவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத திருத்தம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் அமானிதத்தில் கைவைத்ததேயாகும்.

கோப்பின் கைரேகை

அந்நாளைய ஒப்புநோக்கல் இந்நாளில் வேறு வடிவில் நடைபெறுகிறது. 1992ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம் என்ற மாணவரும் யூஜின் ஸ்பாஃபோர்ட் என்ற பேராசிரியரும் 'டிரிப்வயர்' என்னும் மென்பொருளை உருவாக்கினார்கள். நடப்பவன் கால் தடுக்கினால் மணி ஒலிக்கும்படி தரையை ஒட்டிக் கட்டிவைக்கும் கம்பிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. முக்கியமான கோப்புகள் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒவ்வொன்றின் அடையாளத்தையும் குறித்து வைத்துக்கொள்வதும், பிறகு குறித்த காலந்தோறும் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுவதும் அதன் வேலை. மாறியவை எவை, புதிதாக முளைத்தவை எவை, காணாமற்போனவை எவை என்று அது பட்டியலிட்டுச் சொல்லும்.

கோப்பின் அளவையும் தேதியையும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. உள்ளே புகுந்தவன் தேதியைப் பழையபடி திருத்திவைக்க முடியும். ஓரெழுத்தை எடுத்துவிட்டு வேறோர் எழுத்தை வைத்தால் அளவும் மாறாது. எனவேதான் கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தி, அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்ணைப் பெறுகிறார்கள். இதனை ஹாஷ் என்பர். இன்று பெரிதும் வழங்கும் எஸ்எச்ஏ-256 என்னும் முறையில், கோப்பு ஒரு வரியாயினும் ஓராயிரம் பக்கமாயினும் கிடைப்பது 64 இடங்கள் கொண்ட ஓர் அடையாளமே. மூலத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அவ்வடையாளம் அடியோடு வேறாகிவிடும். முன்னோர் வரி வரியாக ஓதிக் கேட்டுச் செய்த ஒப்புநோக்கலை இக்கணக்கு நொடிப்பொழுதில் செய்து முடிக்கிறது.

கேள்வியை ஆணையாக்கிய குறி

இதன் பயன் எத்தகையது என்பதற்கு 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். உலகெங்கும் எண்ணற்ற கணினிகளை இயக்கும் லினக்ஸ் என்னும் மென்பொருளின் மூல எழுத்து ஓரிடத்தில் பேணப்பட்டு வந்தது. அதன் படியொன்று மற்றோர் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் படியில் யாரோ புகுந்து இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவை பிழையைச் சோதிக்கும் சாதாரண வரிகளாகவே தோன்றும். அம்மொழியில் இரண்டு சமக்குறிகளை அடுத்தடுத்து இட்டால், 'இது அதற்குச் சமமா?' என்னும் கேள்வியாகும். ஒரே ஒரு சமக்குறி இட்டால், 'இதை அதற்குச் சமமாக்கு' என்னும் ஆணையாகும். சேர்த்தவர் இரண்டு இட வேண்டிய இடத்தில் ஒன்றை இட்டிருந்தார். 'இவர் கணினியின் தலைமை அதிகாரம் பெற்றவரா?' என்று கேட்க வேண்டிய வரி, 'இவருக்குத் தலைமை அதிகாரம் கொடு' என்று கட்டளையிடும் வரியாகிவிட்டது.

அறிவிற் சிறந்த நிரலாளரும் கண்ணால் பார்த்துக் கடந்து போயிருக்கக்கூடிய மாற்றம் இது. ஆயினும் அகப்பட்டுக்கொண்டது. படியையும் மூலத்தையும் ஒப்பிடும் சோதனை வழக்கமாக நடந்து வந்தது. படியிலிருந்த இம்மாற்றத்துக்கு மூலத்தில் பதிவு ஏதுமில்லை என்று அச்சோதனை காட்டிக்கொடுத்தது. அவ்வரிகள் மூலத்தைச் சென்றடையவே இல்லை. செய்தவர் யார் என்பது இன்றளவும் பகிரங்கமாக நிறுவப்படவில்லை. ஆள் அகப்படாதபோதும் ஊறு தவிர்க்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். காவலின் முதற்பயன் ஒப்படைத்தவரைக் காப்பது. குற்றவாளியைத் தண்டிப்பது அதற்கு அடுத்ததே.

காவலின்றிக் கழிந்த நாட்கள்

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2018ஆம் ஆண்டில் நடந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் தளத்திற்குள் புகுந்தவர்கள், அங்கிருந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றின் இறுதியில் 22 வரிகளைச் சேர்த்தார்கள். பயணச்சீட்டு வாங்குவோர் பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும், அவர்கள் தந்த அட்டை விவரங்கள் நிறுவனத்திற்குச் செல்வதோடு, அந்நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் வேறொரு முகவரிக்கும் சென்றன. ஆகஸ்டு 21 முதல் செப்டம்பர் 5 வரை இது நடந்தது. வாங்கியவர்களுக்குப் பயணச்சீட்டு ஒழுங்காகக் கிடைத்தது. ஆகவே எவருக்கும் ஐயம் எழவில்லை.

அந்தக் கோப்பு 2012ஆம் ஆண்டு டிசம்பருக்குப் பிறகு மாறியதே இல்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஐந்தாண்டுகளுக்கு மேலாக அசையாதிருந்த கோப்பு ஒருநாள் அசைகிறது என்றால், அதன் கைரேகையைக் குறித்து வைத்து ஒப்பிட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். நிறுவனமோ தானாக இதனைக் கண்டறியவில்லை. வெளியார் ஒருவர் செப்டம்பர் 5ஆம் நாள் சொல்லித்தான் அறிந்தது. ஏறத்தாழ 4,29,000 வாடிக்கையாளர், ஊழியர் ஆகியோரின் தகவல்கள் பிறர் கைக்கு எட்டியிருக்கக்கூடும் என்று பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் கணக்கிட்டது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. களவு செய்தவர்கள் வேறு. அபராதம் கட்டியவர்கள் வேறு. பிறர் களவு செய்தாலும் காக்கத் தவறியது தன்னளவில் ஒரு குற்றம் என்று சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம்.

ஐயுறவா? காவலா?

இனி, முன்னர் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 'என் நிலையத்தில் வேலை செய்பவர்கள் நல்லவர்கள். அவர்கள் எழுதியதை நாள்தோறும் சோதிப்பது அவர்களை அவமதிப்பதாகாதா?' என்று சிலர் கேட்பார்கள். இக்கேள்வியில் ஓர் உயர்ந்த உணர்வு இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். பிறர் குறையைத் துருவித் துருவித் தேடுவது நம் மார்க்கம் கண்டித்த செயல் என்பதையும் நாமெல்லாம் அறிவோம்.

எனினும் இரண்டு வகையான பார்வை உண்டு. ஆளைப் பார்ப்பது ஒன்று. ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பார்ப்பது மற்றொன்று. ஊழியன் எங்கே போகிறான், யாரோடு பேசுகிறான், வீட்டில் என்ன செய்கிறான் என்று உளவறிவது முதல் வகை. கோப்பு நேற்று இருந்தபடி இன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாம் வகை. கடையடைக்கும் நேரத்தில் கல்லாப் பணத்தை எண்ணும் வணிகர், கணக்குப்பிள்ளையைக் கள்வன் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால், நாள்தோறும் எண்ணப்படும் கல்லாவே கணக்குப்பிள்ளையின் மானத்தைக் காக்கிறது. எண்ணாமல் விட்ட கல்லாவில் ஒருநாள் பணம் குறைந்தால், ஐயம் அங்கே வேலை செய்யும் எல்லார்மீதும் படரும். நிரபராதிக்கும் தன்னை விடுவித்துக்கொள்ள வழியிராது. கோப்பு எந்த நாள், எந்த மணிக்கு மாறியது என்று பதிவு இருந்தால், அந்நேரத்தில் தொடர்பே இல்லாதவர் பழியினின்று தப்புவார். ஆகவே இந்தக் காவல் நல்லவருக்கு எதிரானதன்று. நல்லவரின் சாட்சியாக நிற்பது.

ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டும். கோப்பைக் காப்பதற்கென்று வைத்த கருவியை ஆட்களை வேவு பார்க்கத் திருப்பிவிட்டால், அந்த நொடியிலேயே அதன் நியாயம் போய்விடுகிறது.

காவலுக்குக் காவல்

காவலை அமைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. 2016ஆம் ஆண்டு பிப்ரவரியில், லினக்ஸ் மின்ட் என்னும் மென்பொருளை வழங்கும் தளத்துக்குள் ஒருவன் புகுந்தான். பதிவிறக்கத்துக்கான இணைப்பைக் கெட்ட படி ஒன்றுக்குத் திருப்பிவிட்டான். அத்துடன், நல்ல படியை அடையாளம் காண்பதற்காக அத்தளத்தில் வெளியிடப்பட்டிருந்த கைரேகை எண்ணையும் கெட்ட படிக்கு ஏற்றவாறு மாற்றிவிட்டதாக அவனே செய்தியாளரிடம் கூறியதாக அறிக்கை வந்தது. பூட்டையும் சாவியையும் ஒரே இடத்தில் வைத்தால் நேர்வது இதுவே. கைரேகைப் பட்டியல் எந்தக் கணினியைக் காக்கிறதோ அந்தக் கணினியிலேயே இருத்தலாகாது. வேறிடத்தில், மாற்றி எழுத முடியாதபடி வைக்கப்பட வேண்டும். டிரிப்வயரை உருவாக்கியவர்களும் இதனை வலியுறுத்தினார்கள்.

கைரேகை எடுக்கும் முறையும் என்றென்றைக்கும் உறுதியானதன்று. 1992இல் வெளியான எம்டி5 என்னும் முறை நெடுங்காலம் நம்பப்பட்டது. 2004இல் சீன நாட்டுக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர், வேறுபட்ட இரண்டு எழுத்துக்களுக்கு ஒரே கைரேகை வரும்படி செய்து காட்டினார்கள். சாட்சியின் நேர்மையும் அவ்வப்போது விசாரிக்கப்பட வேண்டும் என்பது ஹதீஸ் கலை பயின்றோருக்குப் புதிய பாடம் அன்று.

எல்லாவற்றினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. முதன்முதலில் கைரேகை எடுத்த நாளிலேயே கோப்பு கெட்டுப்போயிருந்தால், காவலாளி அந்தக் கேட்டையே கண்ணும் கருத்துமாகக் காத்துக்கொண்டிருப்பான். மாறாமை வேறு, உண்மை வேறு. நல்ல நிலையில் தொடங்கப்பட்ட காவலே நன்மையைக் காக்கும். ஆதலால் முதற்படியை நம்பத்தக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் தெளிந்த பின்னரே காவலைத் தொடங்க வேண்டும். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் தம் மூலக் கோப்புகளின் கைரேகைகளை வெளியிட்டு வைத்திருப்பது இதற்குத் துணையாகும்.

மணி ஒலித்த பிறகு

இயந்திரம் ஒன்றைத்தான் சொல்லும்: 'இது மாறியிருக்கிறது.' மாற்றியவர் உரிமையுள்ளவரா, மாற்றம் நல்லதா கெட்டதா என்று அது சொல்லாது. நிலையத்தாரே கணக்கு எண்ணைப் புதுப்பித்தாலும் மணி ஒலிக்கும். கள்வன் மாற்றினாலும் அதே மணிதான் ஒலிக்கும். இரண்டையும் பிரித்தறிவது மனிதன் கடமை. அதற்கு, உரிமையோடு செய்யும் மாற்றம் ஒவ்வொன்றையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்று எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயத்துக்கு இது பாரமாகத் தோன்றக் கூடாது.

எதைக் காப்பது என்பதிலும் பகுத்தறிவு வேண்டும். மணிக்கு மணி மாறுவதே இயல்பாக உள்ள பதிவேடுகளையும் தற்காலிகக் கோப்புகளையும் காவலில் வைத்தால், நாள்தோறும் நூறு முறை மணி ஒலிக்கும். நூறு பொய்யொலி கேட்ட காது நூற்றோராவது மெய்யொலியைக் கேளாது. முகப்புப் பக்கம், உள்நுழையும் பக்கம், பணம் செலுத்தும் பக்கம், தளத்தின் அமைப்புகளைத் தாங்கிய கோப்பு ஆகிய சிலவற்றைத் தெரிந்தெடுத்துக் காப்பதே அறிவுடைமை. பணம் வாங்கும் தளங்களுக்கென அட்டை நிறுவனங்கள் வகுத்துள்ள பாதுகாப்பு நெறியும், முக்கியக் கோப்புகளை வாரத்துக்கு ஒரு முறையேனும் ஒப்பிட வேண்டும் என்று விதித்துள்ளது.

மணியோசை கேட்டும் எழாதவனின் நிலை, மணியே கட்டாதவன் நிலையினும் இழிந்தது. கட்டாதவன் அறியாமையைச் சொல்லி ஓரளவு தப்பலாம். கட்டியவனோ, 'நாங்கள் காவல் வைத்திருக்கிறோம்' என்று ஊரார் நம்பும்படி செய்துவிட்டு உறங்குகிறான். அவனுடைய உறக்கம் பொய்ச்சாட்சிக்கு நெருங்கியது. மாற்றத்தைக் கண்ட பின்பும் நிலையத்தின் பெயர் கெட்டுவிடுமே என்று மறைப்பவன், பாதிக்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பையும் பறிக்கிறான். அவர்களுக்கு உடனே சொல்லிவிடுவதும் அமானிதத்தின் ஒரு பகுதியே.

ஆகவே, சரிபார்ப்பது கடமையே என்பது என் துணிபு. நம்பிக்கை இல்லாமையால் எழுந்த கடமையன்று அது. நம்மை முகமறியாத ஒருவர் எங்கோ ஓர் ஊரில் அமர்ந்து, திரையில் தெரியும் எழுத்தை நம் வாய்ச்சொல்லாகவே எடுத்துக்கொண்டு, தம் உழைப்பின் பயனை அனுப்பிவைக்கிறாரே, அந்த நம்பிக்கைக்கு நாம் செலுத்தும் கடன் அது. கருவி அக்கடனில் ஒரு பகுதியைச் சுமக்க உதவும். மீதியை நாமே சுமக்க வேண்டும். பள்ளிக்கூடமோ, சங்கமோ, வணிக நிலையமோ, தளம் ஒன்றை நடத்துகிறவர்கள் இன்றே ஒருவரைப் பொறுப்பாக்கி, தம் எழுத்து தாம் எழுதியபடி இருக்கிறதா என்று பார்க்கச் செய்வார்களாக. ஒப்புநோக்கி முடித்த இடத்திலே அன்றைய படியெழுத்தாளர் வட்டத்துக்குள் புள்ளி வைத்தார். நம் வட்டங்களோ பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன.